பிக்சல் சித்தரின் ஒளிவளையம்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை பூட்டியிருக்கும். தையற்கடையும் பூட்டியிருக்கும். மருந்துக்கடைப் பெண் மட்டும் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தன்னால் போக முடியவில்லையே என்று தெருவைப் பார்த்தபடி நிற்பாள். மற்ற அத்தனை பேரும் மின்சாதனக் கடையின் மாடியில் இருப்பார்கள். அங்கே பிக்சல் சித்தர் டிவிக்குக் கண் கொடுத்துக்கொண்டிருப்பார்.

டிவிக்கு எதற்குக் கண் என்று கேட்காதீர்கள். ஒருவர் கேட்டார். அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மாடி முன்பு குளிர்சாதனப் பெட்டிகளை அடுக்கி வைத்த கிடங்கு. இன்னமும் மூலைகளில் தெர்மோகோல் உருண்டைகள் கிடந்தன. நடந்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். பக்தர்கள் அதையும் உதறாமல் கொண்டுபோனார்கள். நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரே ஒரு மேடை. மேடையின் இடப்பக்கம் பெரிய ஹெச்டி டிவி, அதன் கீழே டிவியோடு இணைத்து விளையாடும் கன்சோல் பெட்டி. வலப்பக்கம் ஒரு கம்ப்யூட்டரும் அதன் திரையும். இரண்டிலும் ஒரே கால்பந்து ஆட்டம் ஓடும். நடுவில் சித்தர்.

ஊரில் அதற்கு முன்பே இரண்டு கட்சிகள் இருந்தன. கன்சோலைச் செருகினால் போதும், சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு சுவர் அகலத்துக்கு ஆடலாம் என்றது டிவிக் கட்சி. எங்கள் திரையில் புல்லின் நுனி தெரியும், ஆட்டக்காரனின் சட்டைத் தையல் தெரியும் என்றது கம்ப்யூட்டர் கட்சி. தையல் தெரிந்தால் கோல் விழுந்துவிடுமா என்று அவர்கள் கேட்க, உங்கள் படத்தில் கோல் விழுந்ததாவது தெரியுமா என்று இவர்கள் கேட்க, இரண்டு அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது. எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்பது உட்கார்ந்து பார்த்தால் முடிந்துபோகிற கேள்வி. உட்கார்ந்து பார்க்கத்தான் ஆளில்லை. தீர்ப்புச் சொல்ல ஒருவர் கிடைத்தால் தேவலை என்று ஊர் நினைத்த வேளையில், சித்தர் வந்து சேர்ந்தார்.

அதற்கு முன் அவர் பொருட்காட்சிகளில் காய் நறுக்கும் கருவி விற்றவர். கையில் அவ்வளவு வேகம். வாயில் அதைவிட வேகம். இப்போது முழங்கைக்குக் கீழே தொங்கும் அகலக் கையோடு சாம்பல் நிற அங்கி போட்டுக்கொண்டார். காற்றோட்டத்துக்கு என்றார். நம்பினார்கள்.

அவருடைய தத்துவம் எளிமையானது. கம்ப்யூட்டர் படம் கண்ணிலிருக்கும் ஒளியை உறிஞ்சுகிறது. அதனால்தான் அது அவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது. அந்தக் கூர்மை நம்முடையது, நம்மிடமிருந்து திருடியது. டிவி அப்படியல்ல, அது ஒளியைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் கொடுக்கிற வழியில் அடைப்பு இருக்கிறது. அடைப்பை நீக்க, டிவிக்குப் போகும் கேபிளில் ஒரு செம்பு வளையம் மாட்ட வேண்டும். அது சாதாரணச் செம்பில்லை, சித்தர் ஊதிய செம்பு. கீழே கடையில் கிடைக்கும். டிவியும் கன்சோலும்கூடக் கீழே அதே கடையில்தான் கிடைக்கும். கடைக்காரர் கருணை மிக்கவர்.

தத்துவத்தோடு விட்டிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அவர் செய்து காட்டினார். முதலில் டிவியில் படம் கலங்கலாக, ஆட்டக்காரர்கள் சேற்றில் ஓடுவதுபோல் இருக்கும். பக்கத்தில் கம்ப்யூட்டர் படம் அதைவிடத் தெளிவாக நிற்கும். சித்தர் கேபிளைக் கழற்றி, வளையத்தைக் கோர்த்து, மறுபடி செருகி, கண்ணை மூடி, கைகளைக் கட்டிக்கொண்டு, "தெளி" என்பார்.

படம் தெளியும்.

புல் பச்சையாகும். பந்து வெள்ளையாகும். பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் திரை, விருந்துக்கு அழைக்காமல் வந்தவனைப்போல் மங்கி நிற்கும். கூட்டம் பெருமூச்சு விடும்.

கேள்வி கேட்டவர் முடிதிருத்துபவர். இரண்டாம் வாரம் எழுந்து, டிவிக்கு எதற்குக் கண், எனக்கு ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்றார். சித்தர் கோபப்படவில்லை. அவரை இரக்கத்தோடு பார்த்தார். கண்ணில் கறை அதிகம் உள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, இவருக்கு மூன்று வளையம் வேண்டும், எல்லோரும் இவருக்காகக் கொஞ்சம் வருத்தப்படுங்கள் என்றார். நூறு பேர் வருத்தப்பட்டார்கள். மறுநாள் அவரிடம் முகம் மழிக்க வந்தவர்கள், கறை படிந்த கண்ணோடு கத்தி பிடிக்கிறாரே என்று வாசலோடு திரும்பிப் போனார்கள். மூன்றாம் வாரம் முடிதிருத்துபவருக்கும் படம் பிரமாதமாகத் தெரிந்தது. அன்று முதல் அந்த மாடியில் கண் மங்கியவர் ஒருவர்கூட இல்லை.

முன்வரிசையில் நடு நாற்காலி ஒரு கிரேன் ஓட்டுநருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் சரக்கு முற்றத்தில் நான்கு மாடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இரும்புக் குழாய்க் கட்டுகளைத் தூக்கி லாரியில் இறக்குகிறவர். இருபது வருட அனுபவம். முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று, சித்தர் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாகச் சொன்னவர் அவர்தான். சித்தரே ஒரு கணம் திடுக்கிட்டுப்போனார். பல வருடத் தொழிலில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு, தலையை மேலிருந்த விளக்குக்கு நேராகக் கொண்டுவந்து நின்றார். அடுத்த வாரம் பதினேழு பேருக்கு ஒளிவட்டம் தெரிந்தது. அதற்கடுத்த வாரம் தெரியாதவர்கள் வெட்கப்பட்டார்கள்.

பதினேழு பேரும் பொய் சொன்னார்கள். கிரேன் ஓட்டுநர் மட்டும் சொன்னது உண்மை. அவருக்கு நிஜமாகவே தெரிந்தது. சித்தர் தலையைச் சுற்றி மட்டுமில்லை. தெருவிளக்கைச் சுற்றி, லாரி முகப்பு விளக்கைச் சுற்றி, வீட்டுக் குளியலறை பல்பைச் சுற்றியும் தெரிந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பது லேசில் புரியக்கூடியது. கிரேன் ஓட்டுபவனுக்குக் கண்தான் கை. கண் மருத்துவர் ஒரு தாளில் நாலு எழுத்து எழுதினால் கூண்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். எட்டு மாதமாகக் கீழே நின்று சைகை காட்டுகிறவரின் விரல்கள் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி, அவரை ஆரஞ்சு நிறக் கையுறை போட வைத்தார். போன மாதம் ஒரு குழாய்க் கட்டு லாரியின் நடுவில் இறங்காமல் ஓரத்தில் இறங்கிச் சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. காற்று என்று சொன்னார். அன்று காற்றே இல்லை. இந்த நிலையில் ஒருவர், உன் கண்ணுக்கு ஒன்றுமில்லை, ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் ஆடிய பாவம்தான், வளையம் மாட்டினால் சரியாகிவிடும் என்றால், அந்த ஆறுதலை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

வீட்டுக் கம்ப்யூட்டரை ஒரு துணிப்பையில் போட்டுப் பரணில் ஏற்றினார். ஹெச்டி டிவியும் கன்சோலும் வாங்கினார். வளையம் ஒன்று மாட்டினார். தெளியவில்லை. இரண்டு, நாலு, ஏழு. ஏழாவது வளையத்தோடு கேபிளே கனம் தாங்காமல் டிவியிலிருந்து கழன்று விழுந்தது.

அதனால்தான் தங்கச்சிக்குப் போன் செய்தார்.

தங்கச்சி டிவி பழுதுபார்ப்பவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை. அவள் பின்பக்கம் திறக்காத டிவி அந்த வட்டாரத்தில் குறைவு. வாயும் கையும் ஒரே வேகத்தில் வேலை செய்யும் பெண். வந்து பார்த்தாள். கேபிள் முழுக்க வளையம்.

"அண்ணி, இதென்ன, டிவிக்குக் கொலுசு போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அண்ணி, அதை உங்கண்ணன்கிட்டயே கேளு என்று சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

தங்கச்சி வளையங்களை உருவி ஒரு கிண்ணத்தில் போட்டாள். கேபிளைச் செருகினாள். ஆட்டத்தை ஓடவிட்டாள். படத்தில் குறையே இல்லை. புது டிவிக்கு என்ன குறை வரும்? இருந்தாலும் அண்ணன் கூப்பிட்டாரே என்று பட அமைப்பைத் திருத்துவதற்காக ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

"இப்பதான் தெளிவா இருக்கு" என்றார் அண்ணன், சோபாவிலிருந்து.

"நான் இன்னும் ஒண்ணும் தொடலையே அண்ணா."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். டிவியைப் பார்க்கிறவர் கண்ணைச் சுருக்கி, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தார். எவ்வளவு நாளா இப்படி என்று கேட்டாள். எப்படி என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றாள். அதற்குமேல் அவர் குரல் உயர்ந்தது. டிவியைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன், என்னைப் பார்க்க இல்லை என்றார். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது, நீ மட்டும் பெரிய அறிவாளி, சனிக்கிழமை வந்து உன் கண்ணாலேயே பார் என்றார்.

அவள் வந்தாள்.

ஆறாவது வரிசையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள். அவள் தொழில் வழக்கப்படி, படத்தைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தாள். சித்தர் வளையத்தைக் கோர்த்தார், கைகளை அங்கிக்குள் கட்டினார், "தெளி" என்றார். டிவியின் அடிச்சட்டத்தில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. படம் தெளிந்தது.

அந்த விளக்கு அவளுக்குப் பழக்கமானது. நாளுக்கு நூறு தடவை பார்க்கிறாள். ரிமோட்டில் யாராவது எதையாவது அழுத்தினால் மட்டுமே அது சிமிட்டும். ரிமோட்டின் கதிர் வந்து விழும் இடமும் அதுதான்.

சந்தேகம் உள்ளவர்கள் கேட்கலாம் என்று சித்தர் வழக்கம்போல் சொன்னார். முடிதிருத்துபவருக்குப் பிறகு யாரும் கேட்டதில்லை என்பதால் அது வெறும் மரியாதைதான். தங்கச்சி எழுந்து மேடைக்கே போய்விட்டாள். முன்வரிசையில் அண்ணன் முகம் சுருங்கியது.

"ஐயா, இன்னொரு தடவை செய்ய முடியுமா? நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன்."

"தாராளமா பாரு மகளே. பார்க்கிறதுக்குத்தானே கண்ணு."

படம் மறுபடி கலங்கியது. சித்தர் கேபிளைக் கழற்றி வளையத்தைக் கோர்த்துச் செருகினார். தங்கச்சி டிவிக்குப் பக்கத்தில் போய், சட்டத்தில் சாய்ந்துகொள்வதுபோல் நின்று, உள்ளங்கையை அந்தச் சிவப்புப் புள்ளியின் மேல் வைத்துக்கொண்டாள்.

"தெளி" என்றார் சித்தர்.

தெளியவில்லை.

"தெளி" என்றார் இன்னும் ஆழமான குரலில். ஆட்டக்காரர்கள் சேற்றிலேயே ஓடினார்கள். கூட்டம் நாற்காலியில் நெளிந்தது. சித்தர் அவளுடைய கையைப் பார்த்தார். பார்த்ததும் விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. நம்பிக்கையில்லாதவர்கள் தொட்டால் ஒளி வராது, கையை எடு என்றார்.

"எடுக்கிறேன் ஐயா. அதுக்கு முன்னாடி ஒண்ணு." இன்னொரு கையால் கேபிளைப் பிடுங்கி, வளையத்தை உருவி, கேபிளை மட்டும் திரும்பச் செருகினாள். வளையத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். "இப்ப வளையம் என்கிட்ட. டிவியில ஒண்ணும் இல்ல. எல்லாரும் பார்த்துக்கங்க."

அவள் உள்ளங்கையை எடுத்தாள்.

பாவம், சித்தரின் கட்டைவிரலுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு நிமிடமாக அங்கிக்குள் அது ரிமோட்டின் பித்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. படம் தெளிந்தது. கலங்கியது. தெளிந்தது. கலங்கியது. வளையம் அவள் கையில் இருக்க, டிவி தன்பாட்டுக்கு ஞானம் பெறுவதும் இழப்பதுமாக இருந்தது. பதற்றத்தில் விரல் வேறு பித்தானுக்கு வழுக்கியது. திரையின் கீழே ஒலி அளவைக் காட்டும் கோடு தோன்றி, முப்பது, நாற்பது, அறுபது என்று ஏறியது. ஆட்ட மைதானத்துக் கூட்டம் காது கிழியக் கத்தியது. சித்தர் கைகளைக் கட்டியபடியே நின்றார். வேறென்ன செய்வார், அவிழ்த்தால் ரிமோட் விழுந்துவிடுமே.

முதலில் சிரித்தவர் முடிதிருத்துபவர். வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பதினேழு பேர் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

தங்கச்சி ஒலியை அணைத்துவிட்டு, டிவிக்குள் இரண்டு பட அமைப்புகளைச் சேமித்து வைத்திருப்பதைத் திறந்து காட்டினாள். ஒன்று ஒழுங்கானது. மற்றொன்று வேண்டுமென்றே கெடுத்தது. கம்ப்யூட்டர் திரையிலும் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஒரு பித்தான், ஒரு அகலமான சட்டைக்கை. இவ்வளவுதான் சித்து.

சிரிப்பு அடங்காத அந்த நேரத்தில்தான், முன்வரிசை நடு நாற்காலியிலிருந்து கிரேன் ஓட்டுநர் பக்கத்திலிருந்த தையற்காரரிடம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க?"

"பார்க்கலையா? படம் மாறி மாறித் தெளிஞ்சு மங்குச்சே."

"மாறுச்சா?"

தையற்காரரின் சிரிப்பு நின்றது. மேடையிலிருந்த தங்கச்சிக்கும் அது கேட்டது. அவள் இறங்கி வந்து அண்ணன் எதிரில் குனிந்து நின்றாள்.

"அண்ணா, உண்மையச் சொல்லு. உனக்கு என்ன தெரிஞ்சுது?"

அவர் கைகளைப் பார்த்தபடி சொன்னார். "எப்பவும் தெரியறதுதான். வெளிச்சமா ஒரு கட்டம். உள்ள என்னமோ ஓடுது. எல்லாரும் ஆகான்னு சொல்லும்போது நானும் சொன்னேன்." பிறகு, இன்னும் மெதுவாக, "நான் சொல்லித்தான் நிறைய பேர் வந்தாங்கம்மா" என்றார்.

யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்று வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். இந்தச் சந்தடியில் சித்தர் பின்பக்க இரும்புப் படி வழியாக இறங்கியிருந்தார். ஓடுவதற்கு அங்கி தோதுப்படாததால் அதைப் படியிலேயே விட்டுப் போயிருந்தார். கீழே கடைக்காரர், தானும் ஏமாந்தவர்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் வளையத்தை ஏன் மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருந்தீர்கள் என்று மருந்துக்கடைப் பெண் கேட்டாள். அவருக்கு உடனே உள்ளே ஏதோ வேலை வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை கிரேன் ஓட்டுநர் கூண்டுக்கு ஏறவில்லை. மேற்பார்வையாளரிடம் போய், எட்டு மாதக் கதையையும், காற்றில்லாத அந்த நாளைப் பற்றியும் சொன்னார். சைகை காட்டுகிறவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டு சாய்ந்தபோது கீழே மூன்றடி தள்ளி நின்றவர் அவர்தான். அவர் ஆரஞ்சுக் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மேற்பார்வையாளர் திட்டினார். திட்டி முடித்துத் தன் வண்டியிலேயே கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

இரண்டு கண்ணிலும் புரை. மருத்துவர் அம்மா சோதித்துக்கொண்டே, விளக்கைச் சுற்றி வட்டம் தெரியுமா என்று கேட்டார். தெரியும், மனிதர்களைச் சுற்றியும் தெரியும் என்றார் இவர். விளக்குக்குக் கீழே நின்றால் யாரைச் சுற்றியும் தெரியும், புரை முற்றினால் அப்படித்தான் என்றார் அந்த அம்மா. ஒரு மகானின் மகிமை அத்தோடு முடிந்தது. ஆறு மாதம் முன்பே வந்திருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது என்றும் சொன்னார். வளையம் வாங்கிய கணக்கை இவர் அவரிடம் சொல்லவில்லை.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இடது கண் நன்றாகத் தெளிந்தது. வலது கண் முக்கால்வாசி. கூண்டுக்கு மறுபடி ஏறப் பரிசோதனை இருக்கிறது. அதுவரை அவர் கீழே நின்று இன்னொருவருக்குச் சைகை காட்டுகிறார். கட்டுத்துணி எடுத்த அன்று வீட்டில் டிவியைப் போட்டு, மனைவி கொண்டுவந்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே, ஆட்டக்காரனின் முதுகிலிருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். பதினொரு பேரையும் படித்து முடிக்கும்வரை அவள் கதவோரம் நின்று கேட்டாள்.

ஊரின் பழைய சண்டையையும் அதே மாடியில் வைத்துத் தீர்த்தார்கள். தங்கச்சி சொன்ன வழிதான். ஒரே ஆட்டம், இரண்டு திரைக்கும் ஒழுங்கான அமைப்பு, சட்டம் தெரியாதபடி சுற்றிலும் அட்டை. பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்து ஒருமுறை, கையெட்டும் தூரத்தில் ஒருமுறை. எது நன்றாக இருக்கிறது என்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். ஒரே ஒரு கண்டிப்பு: பக்கத்து ஆள் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. தள்ளி உட்கார்ந்தால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பெரிதாக இருக்கிறது என்று டிவியை எழுதினார்கள். கிட்டத்தில் கம்ப்யூட்டரின் புல் நுனி நுனியாகத் தெரிந்தது, டிவியின் புல் பச்சைக் கட்டங்களாகத் தெரிந்தது. ஆக, சாய்ந்து ஆடுகிறவர்களுக்கு டிவி, ஒட்டி உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு கம்ப்யூட்டர். அரைமணி நேர வேலை. இதற்காக ஊர் ஆறு வாரம் செம்பு மாட்டிக்கொண்டிருந்தது.

இத்தோடு கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தங்கச்சியின் கடை வாசலில் வரிசை நின்றது. முதலில் நின்ற பெண்மணி ஒரு டிவியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். என்ன கோளாறு என்று தங்கச்சி கேட்டாள். கோளாறெல்லாம் ஒன்றுமில்லை, சித்தரையே விரட்டிய கை, அந்தக் கையை ஒரு தடவை இதன்மேல் வைத்தால் போதும் என்றாள் அவள். பின்னால் நின்ற இருபது பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அதில் அந்தப் பதினேழு பேரும் இருந்தார்கள்.

தங்கச்சி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"என் கையை வைக்கணும்னு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்களே, உங்க மூளையை எங்க வச்சீங்க? அதைக் கொண்டு வாங்க, முதல்ல அதைத் திறந்து பார்ப்போம். ரொம்ப நாளா யாரும் போட்டுப் பார்க்கலைபோல."